சப்பாத்திக் கட்டை ஏந்திய தளபதி

கேள்வி: என் தாத்தா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அவர்கள் ஊர் திரும்பும்போது கொடுத்த பென்சில் படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தோள்வரை சுருள்முடி, மார்பில் இரும்புக் கவசம், இடது கையில் சப்பாத்திக் கட்டை மாதிரி ஏதோ, வலது இடுப்பில் வாள். பழைய சாமான் கடைக்காரர், "பரோக் காலம், 300 வருஷம் இருக்கும்" என்கிறார். நம்பலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அந்தச் சப்பாத்திக் கட்டைதான் அம்மா, தளபதியின் அதிகாரக் கோல்! மன்னராட்சிக் காலப் பிரான்சில் மார்ஷல் என்ற உயர்ந்த படைப்பதவி பெற்றவருக்கு நீல வெல்வெட்டில் லில்லிப்பூ பதித்துக் கொடுத்தார்கள். சுருள்முடி, பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்துப் பொய்முடி. ஆக, ஆள் பரோக் காலத்தவர்தான், அதாவது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். படமும் அப்படியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

வாளைப் பாருங்கள். வலக்கைக்காரர் இடது இடுப்பில்தான் தொங்கவிடுவார்; அப்போதுதான் உருவ வரும். உங்கள் ஆளுக்குக் கோல், வாள் இரண்டுமே இடம் மாறியிருக்கின்றன. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தால், ரப்பர் ஸ்டாம்ப் போலப் படம் திரும்பிவிழும். கவனமானவர்கள் திருப்பியே செதுக்குவார்கள், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். அப்படித் திரும்பிய அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து யாரோ கை பழகியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். முப்பது வருஷம் டிராயிங் வாத்தியாராக நானும் பிள்ளைகளை அப்படித்தான் பழக்கினேன்.

அப்புறம் பென்சில். அந்தக் காலத்தில் படை வீரர்களைப் பெரும்பாலும் சிவப்பு, கறுப்புச் சாக்கட்டியிலோ பேனாவிலோ வரைந்தார்கள். பென்சிலுக்குள் இருக்கும் கறுப்புப் பொருள்தான் கிராஃபைட்; இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கக் கிராஃபைட்டில் சிறு உருவப்படங்கள் வரைந்தவர்களும் உண்டு, ஆனால் குறைவு. போரினால் அந்தச் சரக்கு பிரான்சுக்கு வராமல் நின்றபோதுதான், 1795-இல் கோந்தே என்பவர் கிராஃபைட் தூளில் களிமண் சேர்த்துச் சுட்டார். களிமண் கூடக்கூடப் பென்சில் கடினமாகும், கோடு வெளிறும். உங்கள் படத்தில் முகத்துக்கு மெல்லிய சாம்பல், கவசத்துக்குக் கன்னங்கரேல் என்று இரண்டு பென்சில் தெரிந்தால், அதற்குப் பிந்தியது என்றே சந்தேகப்படுங்கள்.

சட்டத்தைக் கழற்றிக் காகிதத்தின் பின்னால் டார்ச் அடியுங்கள். காகிதம் வார்த்த கம்பி வலையின் நெருக்கமான கோடுகள் தெரியாமல் மழமழவென்று இருந்தால், 1750-களுக்கு முந்திய காகிதமாக இருக்க வாய்ப்பில்லை. கோடு தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம், அந்த மாதிரிக் காகிதம் பிறகும் செய்தார்கள்.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். என் மாணவன் வரைந்த நல்ல படம் ஒன்றை ஒரு கடையில் கொடுத்து, உப்பிப்போன அப்பளமாகத் திரும்ப வாங்கிவந்தேன். கடற்காற்று படும் சுவரும் வேண்டாம்.

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கோடு இருந்தால் நானே கடலூர் பஸ் ஏறி வருகிறேன்.