சர்வோ வானத்தில் உறைந்தால் ரிசீவரைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: கோவையில் ஏரோநாட்டிகல் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். நான்கு பேர் சேர்ந்து ஃபோம் போர்டில் 1.2 மீட்டர் இறக்கை கொண்ட பயிற்சி விமானம் செய்தோம். எடை 950 கிராம். 2212 மோட்டார் 1000 கேவி, 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை), 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி, நான்கு எஸ்ஜி90 சர்வோ (கட்டுப்பாட்டுத் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார்), ஃப்ளைஸ்கை ஐ6 டிரான்ஸ்மிட்டர், ஐஏ6பி ரிசீவர். தரையில் எல்லாம் சரியாக வேலை செய்கிறது. பறக்கவிட்ட ஓரிரு நிமிடத்தில், 50 மீட்டருக்குள் கண்ணெதிரே வேகமாகத் திருப்பும்போது, எல்லா சர்வோக்களும் ஒன்றிரண்டு வினாடி அசையாமல் நின்றுவிடுகின்றன. மோட்டாரும் நிற்கிறது. பிறகு தானாகவே திரும்பி வருகிறது. இரண்டு முறை விழுந்துவிட்டது. கடையில் "ரிசீவர் போய்விட்டது, புது செட் வாங்குங்கள், இல்லையென்றால் சிக்னல் பூஸ்டர் போடுங்கள்" என்கிறார்கள். அடுத்த மாதம் டெமோ. எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். 50 மீட்டர் என்பது இந்த ரேடியோவுக்கு ஒரு தூரமே அல்ல. நல்ல நிலையில் இருக்கும் ஐ6 பல நூறு மீட்டர் வரை தடுமாறாமல் பேசும். சிக்னல் பிரச்சினை என்றால் விமானம் தூரப் போனபோது வந்திருக்க வேண்டும். உங்களுக்கோ பக்கத்திலேயே வருகிறது. அதுவும் பறக்கத் தொடங்கி ஓரிரு நிமிடம் கழித்து, வேகமாகத் திருப்பும்போது மட்டும். தூரத்தைப் பொறுத்து வராமல் சூட்டையும் பளுவையும் பொறுத்து வருகிற கோளாறு, அநேகமாக ரிசீவருக்கு மின்சாரம் அறுந்துபோவதுதான். ரிசீவரை மாற்றினால் புது ரிசீவரும் இதே போல அணைந்து எரியும். தலையணையை மாற்றினால் தலைவலி போகாது.

ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தேவையான 5 வோல்ட், உங்கள் இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி என்ற சிறிய பகுதியிலிருந்து வருகிறது. மலிவான 30 ஆம்பியர் இஎஸ்சிகளில் இருப்பது பெரும்பாலும் லீனியர் வகை. பேட்டரியின் 12.6 வோல்ட்டில் 5 போக மீதி 7.6 வோல்ட்டை அது வெறும் சூடாக எரித்துவிடும். சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் சூடு. 2 ஆம்பியர் இழுத்தால் 15 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சூடு, விரல் நீளப் பலகையில், ஷ்ரிங்க் உறைக்குள், காற்றுப் புகாத ஃபோம் வயிற்றுக்குள் அடைபடுகிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற வேலையால் அதே இஎஸ்சி ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். எல்லை மீறியதும் பிஇசி சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது, கொஞ்சம் ஆறியதும் மறுபடி எரிகிறது. அதன் பின் ரிசீவர் விழித்து டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நீங்கள் பார்த்த ஒன்றிரண்டு வினாடி அதுதான். மோட்டாரும் சேர்ந்து நின்றதற்குக் காரணம், இஎஸ்சிக்கு வர வேண்டிய கட்டளையும் ரிசீவரோடு சேர்ந்து போய்விட்டதுதான்.

தரையில் ஏன் தெரியவில்லை? தரையில் டிரான்ஸ்மிட்டர் குச்சியை நான்கு முறை ஆட்டிப் பார்த்து "சரி" என்கிறோம். அப்போது சர்வோவுக்குப் பளுவே இல்லை. காற்றில் எலிவேட்டரையும் (வாலில் இருக்கும் கட்டுப்பாட்டுத் தகடு) ஏலரானையும் (இறக்கையில் இருப்பது) வேகக் காற்று எதிர்த்துத் தள்ளும். எஸ்ஜி90 ஒன்று முழுதாகச் சிக்கி நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கும் ஒரே நேரத்தில் முக்கினால் 2 ஆம்பியரைத் தாண்டும். உறையில் "5 வோல்ட் 3 ஆம்பியர்" என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். காற்று நன்றாகப் படும்போது, 2எஸ் பேட்டரியில் கிடைக்கிற கணக்கு அது. 3எஸ்ஸில், அடைத்த பெட்டிக்குள் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

ஊகத்தில் விட வேண்டாம், சோதித்துவிடலாம். புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். கழற்றாமல் மேசையில் சோதிக்கிறவர்கள்தான் விரலில் தையல் போட்டுக்கொள்கிறார்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானம் என்ற வரிசையில் இயக்குங்கள். ஐஏ6பி தன் மின்னழுத்தத்தைத் தானே திருப்பி அனுப்பும். ஐ6 திரையில் டிஎக்ஸ் என்ற எண்ணோடு இன்ட் என்று இன்னொரு எண் தெரியும். அதுதான் ரிசீவருக்குக் கிடைக்கும் வோல்ட். தெரியவில்லை என்றால் ஆர்எக்ஸ் செட்டப்பில் ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ என்ற இருவழித் தொடர்பு முறை அணைந்து கிடக்கும்; அதை இயக்கி, ரிசீவரையும் டிரான்ஸ்மிட்டரையும் மறுபடி இணையுங்கள் (பைண்ட்). சும்மா இருக்கும்போது எண் 5.0 அருகே இருக்க வேண்டும். இப்போது இரண்டு குச்சிகளையும் மூலைக்கு மூலை இரண்டு நிமிடம் விடாமல் சுழற்றுங்கள். நண்பர் ஒருவர் ஏலரானையும் எலிவேட்டரையும் விரலால் லேசாகத் தடுத்துப் பிடிக்கட்டும். எண் 4.6க்குக் கீழே இறங்கினால் பிஇசி போதவில்லை. இந்தத் திரை மெதுவாகத்தான் புதுப்பிக்கும், கண்ணிமைக்கும் நேரப் பள்ளங்களைக் காட்டாது. ஆகவே திரையில் 4.6 தெரிகிறது என்றால் உண்மையில் அதைவிடக் கீழே போயிருக்கும். ஐஏ6பிக்கு 4 வோல்ட்டாவது வேண்டும். ரிசீவரின் சிவப்பு விளக்கையும் கவனியுங்கள். விளக்கு மொத்தமாக அணைந்து எரிந்தால் மின்சாரம் அறுந்தது. எரிந்துகொண்டே மினுங்கினால் சிக்னல் அறுந்தது. சோதனை முடிந்ததும் இஎஸ்சியைத் தொடுங்கள். மூன்று வினாடி விரலை வைக்க முடியாவிட்டால் விடை கையிலேயே கிடைத்துவிட்டது.

சரிசெய்வதில் முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. பறக்காமல் சும்மா நிற்கும்போது ஏதாவது சர்வோ "கிர்ர்" என்று முனகுகிறதா கேளுங்கள். முனகுகிற சர்வோ எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறது, மின்சாரத்தையும் தின்றுகொண்டிருக்கிறது. புஷ்ராடை (சர்வோவையும் தகட்டையும் இணைக்கும் கம்பி) கழற்றி, கட்டுப்பாட்டுத் தகட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தன் எடையிலேயே தொங்குகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். கீல் இடத்தில் பசை வழிந்து இறுகியிருந்தால் சுரண்டி எடுங்கள். டிரிம் பூஜ்யத்தில் இருக்கும்போது சர்வோ கை ராடுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். குச்சியைக் கடைசி வரை தள்ளும்போது முனகினால், எண்ட் பாயின்ட்டை (சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்ற அளவு) 100லிருந்து முனகல் நிற்கும் வரை குறையுங்கள்.

அடுத்தது 5 வோல்ட் 3 ஆம்பியர் ஸ்விட்சிங் வகை யுபிஇசி, அதாவது இஎஸ்சிக்கு வெளியே தனியாக இருக்கும் பிஇசி. சில நூறு ரூபாய்தான். மீதி வோல்ட்டை இது எரிப்பதில்லை, மாற்றிக் கொடுக்கிறது. அதனால் அதிகம் சூடாகாது. இதன் உள்ளீட்டு ஒயர்களை இஎஸ்சியின் பேட்டரி ஒயர்களோடு, எக்ஸ்டி60 பிளக்கில் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பாகச் சால்டர் செய்யுங்கள். வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்து 5 வோல்ட் என்று உறுதி செய்த பிறகே ரிசீவரின் காலியான துளையில் செருக வேண்டும். 5, 6 என்று மாற்றும் ஜம்பர் இருந்தால் 5லேயே விடுங்கள். யுபிஇசியை ரிசீவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

இப்போது இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று ஒயர் பிளக்கில் நடுச் சிவப்பை மட்டும் எடுக்க வேண்டும். பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கைக் குண்டூசியால் தூக்கினால் பின் வழுக்கி வெளியே வரும். வெட்டாதீர்கள், பின்னால் மடித்து ஷ்ரிங்க் போடுங்கள். கறுப்பு ஒயரை எக்காரணத்தைக் கொண்டும் தொடக்கூடாது. அது போனால் இஎஸ்சிக்குக் கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேராமல் போகலாம்.

"மெட்டல் கியர் போட்டால் உறுதியாக இருக்கும்" என்று எம்ஜி996ஆர் போன்ற பெரிய சர்வோவை யாராவது நீட்டினால் கையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றே சிக்கி நிற்கும்போது 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 950 கிராம் ஃபோம் விமானத்துக்குத் தேவையே இல்லை. ரிசீவரில் செருகும் கெப்பாசிட்டரைக் "கிளிட்ச் பஸ்டர்" என்று விற்பார்கள். நொடிப் பள்ளத்தை அது தாங்கும், சூட்டில் அணைகிற பிஇசிக்கு எதுவும் செய்யாது.

கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கக்கூடிய ஒரு நிலை உண்டு. இரண்டு முறை விழுந்த விமானம் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும்: ஆன்டெனா. ஐஏ6பியிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் வரும். அவற்றின் நுனியில் மேலுறை இல்லாமல் மெலிந்து தெரியும் சுமார் 31 மில்லிமீட்டர்தான் ஆன்டெனா. மீதி வெறும் கேபிள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைநீளத்தில் கால் பங்கு அது. விழுந்தபோது அந்த நுனி அறுந்திருந்தாலோ, யாராவது "நீளமாக இருக்கிறதே" என்று நறுக்கியிருந்தாலோ, கேபிள் மடங்கி உடைந்திருந்தாலோ தூரம் குறையும். இரண்டு நுனிகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்க வேண்டும். ஒன்று இறக்கையின் நீளவாக்கில், மற்றொன்று நிமிர்ந்து. பேட்டரி மேல், மோட்டார் ஒயர் பக்கம், கார்பன் குழாய்க்குள் ஓட்டக்கூடாது. கார்பன் ஃபைபர் இந்த அலையை மறைத்துவிடும். இந்த வகைக் கோளாறின் அடையாளமே வேறு: விமானம் தூரத்தில், குறிப்பிட்ட ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் தடுமாறும், திசை மாறியதும் சரியாகும். திரையில் இன்ட் எண் அசையாது. எரர் என்ற எண் ஏறும். நுனி அறுந்திருந்தால் அந்த ஆன்டெனாவை மட்டும் மாற்றலாம். அதற்கும் புது செட் வேண்டியதில்லை.

பூஸ்டர் விஷயத்தில் கோபமே வருகிறது. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் 2005 ஜனவரியிலிருந்து உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் அந்த விதி சொல்லும் உச்சவரம்பு 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட். 2 வாட், 5 வாட் என்று விற்கிற பூஸ்டரை மாட்டினால் நீங்களும் விதியை மீறியவர்தான். அதோடு ஐஏ6பி வோல்ட் எண்ணைத் திருப்பி அனுப்புகிறதே, ஒருவழிப் பூஸ்டர் அந்தத் திரும்பும் பாதையைக் கெடுத்துவிடும். "உங்கள் பெயரில் ரேடியோ லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று மாணவர்களிடம் பணம் கேட்கிற இடைத்தரகர் வந்தால் அனுப்பிவிடுங்கள். இறக்குமதி ஒப்புதல் இறக்குமதி செய்கிறவரின் வேலை.

உங்கள் கல்லூரிக்கும் ஒரு வார்த்தை. மூன்று கொட்டேஷன் வாங்கி எது மலிவோ அதையே எடுக்க வேண்டும் என்கிற நடைமுறையில் இஎஸ்சிக்கு "30 ஆம்பியர்" என்று மட்டும் எழுதினால், லீனியர் பிஇசி வைத்த மலிவுச் சரக்குதான் வந்து இறங்கும். கொள்முதல் குழுவில் யாருக்கும் பிஇசி என்றால் என்னவென்று தெரியாது. விழுந்த விமானத்துக்குப் பதில் சொல்வது மாணவர்கள். அடுத்த முறை படிவத்தில் "ஸ்விட்சிங் பிஇசி, 5 வோல்ட், தொடர்ச்சியாக 3 ஆம்பியர்" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மலிவுச் சரக்கைத் திருப்பி அனுப்ப உங்களிடம் காகிதம் இருக்கும்.

டெமோவுக்கு முன் ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு) கட்டாயம். ஓகே பொத்தானை அழுத்திப் பிடித்து, சிஸ்டம், ஆர்எக்ஸ் செட்டப், ஃபெயில்சேஃப், சேனல் 3 என்று போய் ஆன் செய்யுங்கள். திராட்டில் (மோட்டார் வேகம்) குச்சியை அடிமட்டத்தில் வைத்துக்கொண்டு கேன்சல் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடியுங்கள். சும்மா தட்டிவிட்டு வெளியே வந்தால் சேமிக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். புரொப்பெல்லர் இல்லாமல் பாதி திராட்டில் கொடுத்து டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள்: மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மறுபடி செய்யுங்கள், அதுவரை பறக்கவிடாதீர்கள்.

கடைசியாக, புரொப்பெல்லரை மாட்டி, இருவர் பின்னாலிருந்து விமானத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, முக்கால் திராட்டிலில் மூன்று நிமிடம் ஓட்டியபடி எல்லாக் குச்சிகளையும் ஆட்டுங்கள். புரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு நேராகப் பக்கவாட்டில் யாரும் நிற்க வேண்டாம். யுபிஇசி போட்ட பிறகு இன்ட் எண் 4.9க்குக் கீழே இறங்காமல் மூன்று நிமிடமும் நின்றால், அன்று மாலையே பறக்கவிடலாம். அதற்கு முன் மூக்கில் ஒன்றும் வயிற்றின் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு விரல் அகலத் துளை போட்டு, இஎஸ்சிக்குக் காற்று வர வழி செய்யுங்கள். பின் துளை முன் துளையைவிடப் பெரிதாக இருக்கட்டும்.