சீனியை அச்சுல அழுத்தி பூ, இலை, ஹார்ட்டுன்னு வீட்லயே செய்யணும், உதிராம ஒட்டாம வர என்ன பண்ணணும்?

பொறந்தநாளைக்கு டீ, காபியோட வைக்கிறதுக்கு சின்னச் சின்ன பூவும் ஹார்ட்டும் சீனியில செய்யப் பாத்தேன், முதல் தடவை கையில எடுத்ததுமே பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு, சரின்னு தண்ணியைக் கூட்டினா அடுத்த தடவை அச்சுலயே அப்பிக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. பாக்க ரெண்டும் எதிரெதிர் பிரச்சனை மாதிரி இருக்கும், ஆனா ரெண்டுக்கும் காரணம் ஒண்ணேதான், தண்ணியோட அளவு. இந்த வேலையில முக்கால்வாசி அதுலதான் இருக்கு, மோல்டு என்ன விலை, என்ன பிராண்டு இதெல்லாம் அப்புறம்.

ஏன்னு புரிஞ்சுக்கிட்டீங்கன்னா அளவு தானா கைக்கு வந்துடும், அதனால அதை முதல்ல சொல்லிடுறேன். சீனியில ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிப் படிகம். கொஞ்சம் ஈரம் பட்டதும் அதோட மேல்பக்கம் மட்டும் லேசா கரைஞ்சு பாகாகுது, துகளும் துகளும் தொட்டுக்கிட்டு இருக்கிற இடத்துல அந்தப் பாகு தங்குது, காயக் காய தண்ணி போயிடும், பாகு மறுபடி படிகமாகி ரெண்டு துகளையும் சேத்துப் பிடிச்சுக்கும். இவ்வளவுதான் நடக்குது, பசைன்னு தனியா எதுவுமே தேவையில்ல. இப்ப கணக்கைப் பாருங்க, சாதாரண ரூம் வெப்பத்துல 10 மில்லி தண்ணி கிட்டத்தட்ட 20 கிராம் சீனியைக் கரைச்சுடும். ஒரு கப், அதாவது 200 கிராம் சீனிக்கு 2 டீஸ்பூன் தண்ணி (10 மில்லி) விட்டா பத்துல ஒரு பங்கு பாகாகி மிச்சத்தை ஒட்ட வைக்குது, அது போதும். அதையே 4 டீஸ்பூன் ஆக்கினா அஞ்சுல ஒரு பங்கு பாகா மாறிடும், அந்தப் பாகு அடியில இறங்கி அச்சோட சேந்து இறுகிக்கும். உங்க ரெண்டாவது தடவை நடந்தது அதுதான்னு நினைக்கிறேன்.

அதனால 200 கிராமுக்கு ஒன்றரை டீஸ்பூன்ல ஆரம்பிங்க, மிச்சத்தை சொட்டு சொட்டா விடுங்க, குட்டி ஸ்ப்ரே பாட்டில் இருந்தா இன்னும் நல்லது. ஒரே இடத்துல ஊத்தாதீங்க, அங்க கட்டி விழுந்துடும். தெளிச்சுக்கிட்டே விரல் நுனியால பிசிறிக்கிட்டே இருக்கணும், ஒரு ரெண்டு நிமிஷம் பொறுமையா பிசிறினீங்கன்னா எல்லாத் துகளும் ஒரே மாதிரி நனைஞ்சுடும். அப்புறம் மூடி போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க, ஈரம் சமமா பரவும். பதம் எப்படித் தெரியும்னா ஈர மணல் மாதிரி இருக்கணும், கை நிறைய எடுத்து இறுக்கிப் பிடிச்சு விரலைத் திறந்தீங்கன்னா பிடி அப்படியே நிக்கணும், அதுல உங்க விரல் தடம் பதிஞ்சு இருக்கணும், பெருவிரலால லேசா தட்டினா ரெண்டு மூணு துண்டா உடையணும். தூளா சரிஞ்சா இன்னும் ரெண்டு சொட்டு வேணும். உள்ளங்கையில பளபளன்னு ஈரம் தெரிஞ்சா தண்ணி கூடிடுச்சு, காய்ஞ்ச சீனி ஒரு ஸ்பூன் போட்டு மறுபடி பிசிறுங்க, கீழ கொட்ட வேண்டிய அவசியமே இல்ல. நான் எந்த ரெசிபி அளவையும் விட இந்தப் பிடியைத்தான் நம்புறேன், ஏன்னா சீனியோட பருமன், அன்னைக்கு காத்துல இருக்கிற ஈரம் இதெல்லாம் பொறுத்து அளவு மாறிக்கிட்டே இருக்கும்.

எந்த சீனின்னு கேட்டா, துகள் சின்னதா இருக்க இருக்க அச்சுல இருக்கிற கோடெல்லாம் தெளிவா விழும், காஸ்டர் சுகர், அதாவது நைசான துகள் சீனி கிடைச்சா அதையே வாங்குங்க. இல்லன்னா சாதாரண சீனியை மிக்ஸில ஒரே ஒரு சுத்து விட்டு நிறுத்தி சல்லடையில சலிச்சு பொடியை எடுத்துட்டு மிச்சத்தை வெச்சுக்கலாம். சின்னத் துகளுக்கு பரப்பு அதிகம், அதனால ஒரு துளி தண்ணி கூடுதலா பிடிக்கும். கல்லு மாதிரி பெரிய துகள் சீனி இதுக்கு வேண்டாம், ஒண்ணை ஒண்ணு தொடுற இடம் கம்மி, காஞ்சாலும் ஓரம் உதிரும். ஐசிங் சுகரை (மாவு மாதிரி அரைச்ச சீனி) மட்டும் வெச்சு இந்த முறையில பண்ணாதீங்க, அது கட்டி பிடிக்காம இருக்க சோள மாவு கலந்துதான் பெரும்பாலும் வரும், தண்ணி பட்டா களிம்பு மாதிரி ஆயிடும். பிரவுன் சுகர் அழகான நிறம் குடுக்கும், ஆனா அதுலயே மொலாசஸ் (கரும்புச் சாறு காய்ச்சும்போது மிஞ்சற கறுப்புப் பாகு) ஈரம் இருக்கு, தண்ணியைப் பாதியாக் குறைங்க, காய நேரம் எடுக்கும், அப்பவும் வெள்ளைச் சீனி அளவுக்கு கெட்டி ஆகாது.

அச்சு விஷயத்துல நிறைய பேர் மாத்திப் பண்றது ஒண்ணு இருக்கு. கெட்டி பிளாஸ்டிக் அச்சுன்னா நிரப்பின உடனே கவுத்து எடுத்துடணும், சிலிக்கான் மோல்டுன்னா காயறதுக்கு முன்னாடி தொடவே கூடாது. பிளாஸ்டிக் வளையாது, அதனால ஈரமா இருக்கும்போதே தலைகீழா தட்டினா முழுசா இறங்கிடும், உள்ளயே காய விட்டா பிடிச்சுக்கும். சிலிக்கான் வளையும், ஈரச் சீனியோட வளைச்சீங்கன்னா உள்ள இருக்கிறது அந்த இடத்துலயே விரிசல் விடும். கேள்வியில எந்த மோல்டுன்னு சொல்லல, உதிர்ந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், பாத்துக்கோங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் கழுவி ஒரு சொட்டு தண்ணி கூட இல்லாம துடைச்சு காய வெச்சுட்டுதான் ஆரம்பிக்கணும்.

நிரப்பும்போது ஒரேயடியா கொட்டி மேல அழுத்தாதீங்க. முதல்ல ஒரு சிட்டிகை எடுத்து இதழ் நுனி, இலை நரம்பு மாதிரி குறுகலான பள்ளத்துல மட்டும் சுண்டு விரலால நல்லா அழுத்துங்க, அப்புறம் மிச்சத்தை ரெண்டு மூணு தடவையா போட்டு பெருவிரலால இறுக்குங்க, கடைசியா கத்தியோட முதுகால மேல வழிச்சு தட்டையாக்குங்க. அழுத்தம் பத்தலன்னா பூவோட நடுப்பகுதி நிக்கும், இதழ் மட்டும் உடைஞ்சு போயிடும். பிளாஸ்டிக் அச்சுக்கு மேல பட்டர் பேப்பர் வெச்சு அதுக்கு மேல ஒரு தட்டையான டிரேயை வெச்சு ரெண்டையும் சேத்துப் பிடிச்சு ஒரே மூச்சுல கவுத்துடுங்க, முதுகுல ஸ்பூனால ரெண்டு தட்டு, நேரா மேல தூக்கணும், பக்கவாட்டுல இழுத்தா ஓரம் சிதைஞ்சுடும். வேலை முடியற வரைக்கும் பாத்திரத்து மேல ஈரத்துணி போட்டு வைங்க, இல்லன்னா மேல் சீனி காய்ஞ்சு பொருக்கு தட்டி, அந்தப் பொருக்கு அச்சுல போய் கோடு விழும்.

காய வைக்கிறது. ஒரு ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற துண்டு சாதாரண ரூம்ல 8 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரத்துக்குள்ள காயும், ராத்திரி செஞ்சு வெச்சா காலையில ரெடி. சிலிக்கான்ல இருந்து எடுக்கும்போது நடுவுல தள்ளாதீங்க, விளிம்பை வெளிப்பக்கமா லேசா இழுங்க, சீனிக்கும் மோல்டுக்கும் நடுவுல சுத்திலும் மயிரிழை மாதிரி ஒரு கோடு பிரியறது கண்ணுக்குத் தெரியும், முழு வட்டமும் அந்தக் கோடு வந்ததுக்கு அப்புறம் அடியில இருந்து ஒரு விரலால அழுத்தினா தானா மேல வரும். ஒரு பக்கம் மட்டும் கோடு வராம ஒட்டிக்கிட்டு இருந்தா அங்க இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டுடுங்க. எடுத்ததும் திருப்பிப் போட்டு அடிப்பக்கமும் காயட்டும். வலைமூடி போட்டு வைங்க, எறும்பு வர நேரம் ஆகாது.

அவசரம்னா அவன் (oven) இருக்கு, 90லேர்ந்து 95 டிகிரி செல்சியஸ்ல ஒரு 10, 15 நிமிஷம், அப்புறம் ஆஃப் பண்ணிட்டு உள்ளயே ஆற விடுங்க. சிலிக்கானை அப்படியே வைக்கலாம், பிளாஸ்டிக் அச்சு அவனுக்குள்ள போகவே கூடாது. சூட்டைக் கூட்டினா சீக்கிரம் காயும்னு நினைக்காதீங்க, ஓரம் பழுப்பாகும், வெளிய பொருக்கு கட்டி உள்ள ஈரம் மாட்டிக்கும்.

உருண்டையா, முட்டை மாதிரி பெருசா ஏதாவது செய்யற ஆசை வந்தா அதுக்கு வேற முறை. முழுசா கெட்டியா வெச்சா நடுப்பகுதி நாள் கணக்குல ஈரமாவே இருக்கும். ரெண்டு பாதியா செஞ்சு, ஒரு ரெண்டு மணி நேரத்துல வெளிப்பக்கம் இறுகினதும் கையில மெதுவா தாங்கிப் பிடிச்சு உள்ள இருக்கிற ஈரச் சீனியை ஸ்பூனால சுரண்டி எடுத்துடணும், சுவர் ஒரு சென்டிமீட்டர் இருந்தா போதும், சுரண்டின சீனியை வெச்சு அடுத்தது செய்யலாம். நல்லா காஞ்சதும் ரெண்டு பாதியையும் ராயல் ஐசிங்கால (வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் அடிச்ச கெட்டிக் கலவை) ஒட்டணும். பெரிய துண்டுக்கு மட்டும் ஒரு கப் சீனிக்கு ஒரு டீஸ்பூன் மெரிங் பவுடர் (காய வெச்ச முட்டை வெள்ளைக்கருப் பொடி) சேத்துக்கலாம், பிடிப்பு கூடும். பச்சை முட்டை வெள்ளைக்கரு போடச் சொல்லி சில இடத்துல எழுதியிருப்பாங்க, வயித்தைக் கெடுக்கிற சால்மொனெல்லா கிருமி பயம் இருக்கு, குழந்தைங்க சாப்பிடறதுன்னா மெரிங் பவுடரோ பாஸ்டரைஸ் பண்ணின (கிருமி சாக லேசா சூடாக்கின) வெள்ளைக்கருவோதான் என் சாய்ஸ்.

கலர், ஜெல் கலர்தான். பல்குத்தும் குச்சி நுனியில தொட்டு முதல்ல தண்ணியில கரைச்சுட்டு அந்தத் தண்ணியைத் தெளிங்க, நேரா சீனியில போட்டா புள்ளி புள்ளியா நிக்கும். லிக்விட் கலர்தான் இருக்குன்னா அதையும் தண்ணிக் கணக்குலயே சேத்துக்கணும். வாசனைக்கு தண்ணிக்குப் பதிலா பன்னீர் விடலாம், வெனிலா எசன்ஸ் ரெண்டு சொட்டு விடலாம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் துருவிப் போடணும்னா நல்லா காய வெச்சுப் போடுங்க, பச்சையா போட்டா அதோட ஈரமும் எண்ணெயும் சேந்து கட்டியை உடைச்சுடும். எண்ணெய் எந்த ரூபத்துலயும் இதுக்கு ஆகாது, துகள் மேல படலமா படிஞ்சு பாகு ஒட்ட விடாம பண்ணிடும். மோல்டு ஒட்டுதேன்னு எண்ணெய் தடவறதும் இதே கதைதான்.

மழை நாள்ல வராதான்னும் கேட்டிருந்தீங்க. வரும், ஆனா ஒரு எல்லை இருக்கு. சுத்தமான சீனி, காத்து ஈரப்பதம் ஏறக்குறைய 85 சதவீதத்துக்குக் கீழ இருக்கிற வரைக்கும் பெருசா தண்ணியை இழுக்காது, அதைத் தாண்டினா காத்துல இருந்தே ஈரத்தை வாங்கிக் கசிய ஆரம்பிச்சுடும். அந்த மாதிரி நாள்ல வெளிய எவ்வளவு நேரம் வெச்சாலும் காயாது, அவன்லயோ ஏசி போட்ட ரூம்லயோதான் காய வைக்கணும். பிரவுன் சுகர், தேன், குளுக்கோஸ் சிரப் கலந்ததெல்லாம் இன்னும் சீக்கிரமே பிசுபிசுக்கும், மழைக்காலத்துல அதைத் தவிர்த்துடுங்க.

ஒரு சின்ன விஷயம் சொல்லியே ஆகணும், நீங்க இப்ப செய்யறதுதான் ஆதியில சுகர் க்யூப் பொறந்த முறையும். அந்தக் காலத்துல சீனி பெரிய கூம்பு கூம்பா கெட்டியா வரும், அதை உடைச்சுதான் சாப்பிடணும். இப்ப செக் நாட்டுல இருக்கிற டாச்சிட்ஸேங்கிற ஊர்ல சீனி ஆலை நடத்தின யாக்குப் கிறிஸ்டோஃப் ராட், அவர் மனைவி அப்படி உடைக்கும்போது விரலை வெட்டிக்கிட்டு இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதான்னு கேட்டதா சொல்லுவாங்க, அவர் ஈரமாக்கின சீனியை கட்டம் போட்ட அச்சுல அழுத்திக் காய வெச்சு 1843ல பேட்டன்ட் வாங்கினார். அந்த ஊர்ல சுகர் க்யூபுக்கு ஒரு நினைவுச்சின்னமே இருக்கு. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம், அன்னைக்கு அவர் கையில இருந்ததும் சீனி, தண்ணி, அச்சு இவ்வளவுதான்.

கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்கிறது வேணும்னா அது இந்த முறையில வராது, அது பாகை 150 டிகிரி செல்சியஸ் பக்கம் காய்ச்சி சூடு தாங்குற சிலிக்கான்ல ஊத்தறது, தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டு ஆழமா சுட்டுடும். தெர்மாமீட்டர் இல்லாமலும் குழந்தைங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டும் அதைத் தொடவே வேண்டாம். அச்சுல அழுத்தறதுக்கு அடுப்பே வேண்டாம்ங்கறதால குழந்தைங்களோட சேந்து செய்ய இதுதான் சரி.

கேக் மேல வைக்கப் போறீங்கன்னா கிரீம்ல இருக்கிற ஈரம் அடியில இருந்து கரைச்சுடும், அதனால வெட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க. மத்தபடி நல்லா காஞ்சதை பட்டர் பேப்பர் இடையில போட்டு காத்துப் புகாத டப்பாவுல அடுக்கி, உணவுப் பொருளுக்குன்னு விக்கிற சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டு வெச்சா மாசக்கணக்குல இருக்கும். ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, வெளிய எடுத்ததும் மேல வேர்த்து இதழெல்லாம் மழுங்கிடும். கலர் போட்டதை வெளிச்சம் படாத இடத்துல வைங்க, வெளுக்காம இருக்கும். பொறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே செஞ்சு வெச்சுட்டீங்கன்னா ரெண்டு மூணு உடைஞ்சாலும் திரும்பச் செய்ய நேரம் இருக்கும், உடைஞ்சதை அப்படியே நொறுக்கி டீயில போட்டுக்கலாம்.