பிள்ளையின் மறதிக்குப் பின்னால் பயம் இருக்கலாம்

கேள்வி: தோட்டப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த மகன், தரம் 6க்கு டவுன் பாடசாலையில் சேர்ந்தபின் தினமும் கொப்பியை மறக்கிறான். மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்கிறான். வகுப்பில் "தோட்டக்காட்டான்" என்று கூப்பிடுகிறார்களாம். இரண்டுக்கும் தொடர்பிருக்குமா? – ஒரு தாய், ஹட்டன்

பதில்: இருக்கலாம், அம்மா. சொன்னதை மனதில் பிடித்து வைப்பது, வாய்க்கு வந்ததை அடக்குவது, ஒரு வழி சரிவராவிட்டால் வேறு வழி பார்ப்பது, இவற்றுக்கெல்லாம் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதிதான் முக்கியம். அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். பயத்தில் முதலில் தளர்வதும் அதுதான். இடைவேளைக்கு யார் வருவான், பஸ்ஸில் எங்கே உட்காருவது என்று நாள் முழுக்கக் காவல் காக்கும் மனதில் வீட்டுவேலை தங்காது.

அவனைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். "யாராவது அடித்தார்களா?" என்றால் இல்லை என்றுதான் சொல்வான். "இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லை எந்த நாளில், எந்த இடத்தில், யார் சொன்னார்கள் என்று எழுதி வைத்து வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பரம்பரையையே இழிவுபடுத்தும் சொல் அது, பிள்ளைகளின் பகிடி என்று விடக்கூடாது. வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன்தான் மற்றப் பிள்ளைகளை அடிக்கிறான். பெல்ட்டால் அடித்தும் திருந்தவில்லை. – தந்தை, தலவாக்கலை

பதில்: பெல்ட்டை முதலில் விடுங்கள். அடிக்குப் பயந்த மூளை இன்னும் குறைவாகத்தான் அடங்கும். கோபத்தில் கை முந்துகிறதா, ஆளைப் பார்த்துத் திட்டமிட்டுச் செய்கிறானா என்று கவனியுங்கள். திட்டமிடுபவனுக்கு அடக்கும் திறனில் குறையில்லை. அவனுக்கு உறுதியான எல்லையும், செய்ததைச் சரிக்கட்டும் பொறுப்பும் வேண்டும். கை முந்துகிற பிள்ளை அடிப்பவனாகவும் அடிபடுபவனாகவும் இருப்பது அதிகம். சீண்டினால் உடனே பொங்குவான் என்று மற்றவர்களுக்குத் தெரியும். "அவன் அப்படிச் சொன்னால் குழாயடிக்குப் போய்விடு" என்று முன்கூட்டியே பேசிப் பழக்குங்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டிலும் பள்ளியிலும் இப்படித்தான் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஞாபகப் பயிற்சி ஆப்கள் உதவுமா? – ஆசிரியை, பண்டாரவளை

பதில்: ஆப்பில் மதிப்பெண் கூடும், வகுப்பறைக்கு அது அவ்வளவாக வந்து சேராது. பிள்ளைகளைத் தொல்லைப்படுத்தும் கழிப்பறைப் பக்கம், கேட், பஸ் தரிப்பிடம் ஆகிய இடங்களில் ஆசிரியர் ஒருவர் நிற்பது அதைவிடப் பலன் தரும். பாடசாலைகளில் இப்படியான தொல்லையைத் தடுக்க 1983 இல் நோர்வேயில் டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய திட்டத்திலும் இடைவேளைக் கண்காணிப்பு முக்கியமான பகுதி.

கேள்வி: பயத்தால் போன ஞாபகமும் கவனமும் திரும்புமா? – அக்கா, மஸ்கெலியா

பதில்: நம்பிக்கை வைக்கலாம். பரீட்சை நெருக்கடியில் கவனம் தடுமாறிய மருத்துவ மாணவர்கள், நெருக்கடி நீங்கி ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்ததை 2009 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர்கள் வளர்ந்தவர்கள், பிள்ளைகளுக்குக் கூடுதல் காலம் பிடிக்கலாம். ஆனால் தொல்லை நிற்க வேண்டும். பாடசாலை அசையாவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.