மச்சான் அனுப்பிய கருவாட்டு மூட்டை

கேள்வி: தாராவியில் சின்னதாக ஒரு பார்சல் கடை வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து மச்சான் ‘கருவாடு’ என்று நான்கு மூட்டை அனுப்பினார். ஒன்றைப் பிரித்தால் காய்ந்த கடல் அட்டை (கடலடியில் ஊரும், வெள்ளரிக்காய் வடிவ உயிரினம்). கேட்டதற்கு, “தடைக்காலம்தான் முடிஞ்சிருச்சே, இப்ப அட்டை சீசன். இலங்கையில லைசென்ஸே குடுக்குறாங்க” என்கிறார். வைத்திருக்கலாமா, திருப்பி அனுப்பிவிடவா?

பதில்: இரண்டும் வேண்டாம். இவரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். பார்சல் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மச்சான் இரண்டு தடைகளைப் போட்டுக் குழப்புகிறார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை முடிந்ததும் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகலாம். அட்டைக்கு அப்படி நாள் கணக்கே கிடையாது. 2001-லேயே எல்லாக் கடல் அட்டை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கும் அதே பட்டியல். காய்ந்ததும் அவித்ததும்கூட அதில் அடக்கம். தண்டனை 3 முதல் 7 வருடம் சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் முடியாது. இலங்கை லைசென்ஸ் அந்தக் கரையோடு சரி.

இங்கேயும் சீசன் வைத்துப் பிடிக்க விடுங்கள் என்று மீனவர்கள் கேட்பதில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் சீசன் மட்டும் போதாது. அட்டைகள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால் கரு உருவாகாது. எனவே எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் அளவு வைக்க முடியும். அது சட்டம் இயற்றுகிறவர்களிடம் பேச வேண்டிய வாதம், உங்கள் வழக்கில் எடுபடாது.

உங்களுக்கு முக்கியம் அதே வனவிலங்குச் சட்டத்தின் பிரிவு 39. இப்படி ஒரு பொருள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். தாண்டிவிட்டாலும் தாமதத்துக்குக் காரணம் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு வக்கீலோடு போய், எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மற்ற மூட்டைகளைப் பிரிக்காதீர்கள். திருப்பி அனுப்பினால் கடத்திய குற்றமும் உங்கள் தலையில் விழும்.

புக்கிங் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். சரக்கு கையில் இருந்தாலே சட்டவிரோதமாக வைத்திருந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 57). இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ‘கருவாடு’ என்று எழுதிய அந்த ரசீதுதான் உங்கள் முதல் ஆதாரம்.

அப்புறம், மச்சானுக்கும் உங்களுக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். வீட்டில் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் ஆதாரம் எல்லாமே அவருக்கு எதிராகத்தான் பேசும்.