பிக் லிட்டில் லைஸ்: பணக்காரப் பொம்பளைங்க வம்பா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நீங்க சொன்னீங்களேன்னு ஆஸ்திரேலிய எழுத்தாளர் லியான் மோரியார்ட்டியோட 'பிக் லிட்டில் லைஸ்' நாவலை வாங்கிப் படிச்சேன். சிரிச்சேன், இல்லைன்னு சொல்லல. ஆனா முடிச்சப்புறம் கோவம்தான் வந்துச்சு. கடலைப் பார்த்த பங்களா, காலையில பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு காபி ஷாப்ல அரட்டை, அஞ்சு வயசுப் பிள்ளைங்க சண்டைக்கு ஊரே ரெண்டா பிரியுது. இதுக்கு நடுவுல ஒருத்தி புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு இருக்கா. இவ்ளோ பெரிய வலியை வம்புக்கும் ஜோக்குக்கும் நடுவுல வெச்சு சொல்லலாமா? கடைசியில எல்லாரும் சேர்ந்து போலீஸ்கிட்ட பொய் வேற சொல்றாங்க, அதைத்தான் நீங்க நட்புன்னு சொன்னீங்களா?

– திருச்சியிலிருந்து ஒரு வாசகி

வணக்கம்மா,

உங்க கடிதத்தை ரெண்டு தடவ படிச்சேன். கோவம் நியாயமானதுதான், அதான் மெயில்ல ரெண்டு வரி போட்டு முடிக்காம இங்கயே எழுதுறேன். (இன்னும் படிக்காதவங்க இதுக்கு மேல வராதீங்க, முடிவு வரைக்கும் பேசப் போறேன்.)

வம்புலருந்தே ஆரம்பிக்கிறேன். 2014ல வந்த நாவல், சிட்னியோட வடக்குக் கடற்கரைப் பக்கம் பிரிவீன்னு ஒரு கற்பனை ஊர். ஸ்கூலுக்கு நிதி சேர்க்க ஒரு க்விஸ் நைட், ஆம்பளைங்க எல்லாம் பாடகர் எல்விஸ் வேஷம், பொம்பளைங்க எல்லாம் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் வேஷம், அந்த ராத்திரி ஒரு ஆள் செத்துப் போறாங்க, யாருன்னு கடைசி வரைக்கும் நமக்குச் சொல்றதில்ல. நடுநடுவுல மத்த அப்பா அம்மாங்க வந்து சாட்சி சொல்ற மாதிரி பேசிட்டுப் போறாங்க, ஒருத்தர் எல்லாம் தலைப்பேன்ல ஆரம்பிச்சதுங்குறார், ஒருத்தர் பிள்ளைய பார்த்துக்க வந்த பிரெஞ்சுக்காரப் பொண்ணாலங்குறார், இன்னொருத்தர் புக் கிளப்பாலங்குறார். நாமளும் சிரிச்சுக்கிட்டே படிக்கிறோம். உலை வாயை மூடலாம் ஊர் வாயை மூட முடியாதுன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, இங்க ஊர் வாய் ஒரு நிமிஷம் கூட மூடல, ஆனா அத்தனை வாயில ஒண்ணாவது, புருஷன்கிட்ட அடி வாங்குற அந்த செலஸ்ட் வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுதா பாருங்க. எல்லாரும் எல்லாத்தையும் பேசுறாங்க, அந்த ஒண்ணு மட்டும் யார் கண்ணுக்கும் படல. அந்த வம்பை எடுத்துட்டு எழுதியிருந்தா ஒரு பொண்ணு அடி வாங்குற கதைதான் மிஞ்சியிருக்கும், அத்தனை பேர் பக்கத்துல இருந்தும் எப்படித் தெரியாம போச்சுங்குற கதை நமக்குக் கிடைச்சிருக்காது.

மேடலினையே எடுத்துக்கோங்க. 40வது பொறந்தநாள் அன்னைக்கு கார் ஓட்டிக்கிட்டே மெசேஜ் அனுப்புற பொண்ணை ரோட்ல இறங்கித் திட்டப் போயி, ஹை ஹீல்ஸ்ல காலைப் பிசக்கிக்கிறவ. அநியாயம் எங்க நடந்தாலும் சண்டைக்கு நிப்பா. வாடகை வீட்டுக்கு வந்த 24 வயசு ஜேனுக்காக, அவ பையன் ஸிக்கிக்காக, ஊரையே பகைச்சுக்கிறா. அப்படிப்பட்டவளுக்குத் தன்னோட உயிர்த் தோழி செலஸ்ட்டைத் தெரியல. பேசிட்டு இருக்கும்போதே செலஸ்ட் மனசு எங்கயோ போயிரும், அது அவ சுபாவம், அழகா இருக்கிறவ கொஞ்சம் கனவுல இருப்பான்னு விட்டுடுறா. இந்த இடத்தைப் படிச்சுட்டு நான் புக்கை மூடி வெச்சுட்டேம்மா. என் காலேஜ் சிநேகிதி ஒருத்தி எப்ப போன் பண்ணாலும் 'நீ சொல்லு, நீ சொல்லு'ன்னு என்னையே பேச விடுவா, எவ்ளோ பொறுமைன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவளால அவ வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியலங்கிறது எனக்குப் பல வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது.

அப்புறம் பங்களா. செலஸ்ட் வக்கீலா இருந்தவ, வீட்ல பணம் கொட்டிக் கிடக்கு, அதுதான் அவ வாயைக் கட்டுது. இவ்ளோ வசதியா இருக்கிற நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கஷ்டம்னு சொல்றதுன்னு நினைக்கிறா, நானும் திருப்பி அடிக்கிறேனே, அப்ப இது வேறதானேன்னு தனக்குத்தானே ஒரு கேஸ் வாதாடுறா. கஷ்டப்பட்ட வீடா இருந்தா 'கையில காசு இல்ல, எங்க போவா'ன்னு நாமளே காரணம் சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். இங்க அந்தக் காரணம் நமக்குக் கிடைக்காது. யாருக்கும் தெரியாம தனியா ஒரு ஃப்ளாட் வாடகைக்கு எடுக்குற அளவுக்குக் காசு இருக்கு, ஆனா கிளம்புறதுக்கு எவ்ளோ நாள் ஆகுது பாருங்க.

பிள்ளைங்க சண்டையும் அப்படித்தான். அதே ஸ்கூல்ல பிள்ளையப் படிக்க வெச்சிருக்கிற ரெனாட்டாவோட மகளைக் கழுத்தை நெரிச்சது ஸிக்கிதான்னு பழி விழுது, அஞ்சு வயசுப் பையனை ஸ்கூலை விட்டு நிறுத்தச் சொல்லி பெத்தவங்க கையெழுத்து வாங்குறாங்க. செஞ்சது செலஸ்ட்டோட ரெட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்தன், மேக்ஸ். அவனுக்கு அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நான் சொல்லணுமா? ஸிக்கிக்கு உண்மை தெரியும், சொல்ல மாட்டேன்னு அந்தப் பாப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டு அத்தனை பழியையும் தாங்கிக்கிறான். பெரியவங்க பார்க்காததைப் பிள்ளைங்க பார்த்துருச்சுங்க.

2017ல எச்பிஓங்குற அமெரிக்க டிவி சேனல் இதைத் தொடரா எடுத்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனாங்க, செலஸ்ட்டா வந்த நிக்கோல் கிட்மன் நடிப்பை நான் குறை சொல்லவே மாட்டேன், ஆனா மேடலினுக்கு ஒரு கள்ள உறவைச் சேர்த்தது எனக்குப் பிடிக்கல. கைக்குழந்தையோட விட்டுட்டுப் போன முன்னாள் புருஷன் அதே ஊர்ல புதுக் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்கான், பெரிய மகளும் அவன் வீட்டுக்கே போயிடுறா, ஒரு மனுஷிக்கு இது பத்தாதா?

அந்தப் புதுப் பொண்டாட்டிதான் பானி. யோகா, காய்கறி மட்டும் சாப்பாடு, எப்பவும் சாந்தம், மேடலின் அவளைக் கிண்டல் பண்றப்ப எல்லாம் நாமளும் சேர்ந்து சிரிக்கிறோம். க்விஸ் நைட்ல பால்கனியில எல்லார் முன்னாடியும் செலஸ்ட்டோட புருஷன் பெர்ரி அவளை அடிக்கிறான், அப்ப அந்த சாந்தமான பானிதான் வெடிக்கிறா, உன் பிள்ளைங்க எல்லாத்தையும் பாக்குதுடா, நாங்க பார்த்தோம்னு கத்திக்கிட்டே தள்ளிவிடுறா, பெர்ரி கீழ விழுந்து செத்துப் போறான். சின்ன வயசுல அப்பா அம்மாவை அடிச்சதைப் பார்த்து வளர்ந்தவ அவ. எழுத்தாளர் நம்மளை சிரிக்க வெச்சது இதுக்காகவும்தான்மா, நாம சிரிச்சு ஒதுக்கின ஆள்தான் இவ்ளோ நாளா அந்த வலியை சுமந்துட்டு இருந்திருக்கா.

பொய்யைப் பத்திக் கேட்டீங்க. அது சரின்னு நாவல் சொல்லல. மேடலினோட புருஷன் எட் என்னால பொய் சொல்ல முடியாதுன்னு நிக்கிறான், பானியும் கடைசியில தானே போய் ஒத்துக்கிறா. ஆனா அந்த ராத்திரி முதல்ல வாய் திறந்தது யாருன்னு கவனிச்சீங்களா? மேடலின் இல்ல, ஜேனும் இல்ல. வருஷம் பூரா இவங்களோட மல்லுக்கு நின்ன ரெனாட்டா. அவர் விழுந்ததை நான் பாக்கலன்னு அவதான் சொல்றா, அதுக்கப்புறம்தான் மத்தவங்க ஒவ்வொருத்தரா. தன் மகளை நோகடிச்ச பிள்ளையோட அம்மாவுக்காக, இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத பொம்பளைங்களுக்காக அதைச் சொல்றா.

அந்த பால்கனி அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவ படிங்க. அப்பவும் கோவம் இருந்தா மறுபடி எழுதுங்க, காத்திருக்கேன்.

அன்புடன்,
அக்கா