மார்க்குக்காக நடத்திய பாடம்

கேள்வி: பாளையங்கோட்டையில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். விலங்கியல் படிக்கும் என் மகன், வேதத்தில் உலகம் படைக்கப்பட்டதைச் சொல்லும் ஆதியாகமத்தில் குறை கண்டுபிடிக்கிறான். பாட்டி கூப்பிட்டாலும் குடும்ப ஜெபத்துக்கு வருவதில்லை. "நானும்தான் பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்துகிறேன், மார்க்குக்காக. அதை நம்பவா செய்கிறேன்?" என்று சொல்லிப் பார்த்தேன். அதிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. அவன் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: சகோதரி, 'மார்க்குக்காக' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

வவ்வாலின் இறக்கை, திமிங்கலத்தின் துடுப்பு, மனிதனின் கை மூன்றிலும் ஒரே எலும்பு அமைப்பு என்று, பரிணாமத்துக்குச் சான்றாகக் கரும்பலகையில் படம் போட்டிருப்பீர்கள். பொய் என்று நினைத்துக்கொண்டா போட்டீர்கள்? பொய்யென்றால் ஊரார் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக்கொடுத்தீர்கள்? மெய்யென்றால் பெற்ற பிள்ளையிடம் ஏன் மறுத்தீர்கள்? அம்மா வகுப்பில் ஒன்று பேசுகிறாள், முழங்காலில் நின்று வேறொன்று பேசுகிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. இனி உங்கள் ஜெபத்தை மட்டும் அவன் எப்படி நம்புவான்?

அதே புத்தகத்தில், மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலையும் நடத்துகிறீர்கள். பட்டாணிச் செடி ஆய்வை 1866-ல் வெளியிட்ட அந்த மனிதர் ஒரு மடத்துத் துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். 1951-ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது லெமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்குள் வருவதே இல்லை என்பது அவர் நிலை. பூசையும் வைத்தார், கணக்கும் போட்டார். ஒன்றுக்காக மற்றொன்றை வளைக்கவில்லை.

மகன் கண்ட குறை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா என்றே எனக்குச் சந்தேகம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 'சாயங்காலமும் விடியற்காலமுமாகி' மூன்று நாள் கழிந்த பிறகு, நாலாம் நாள்தான் சூரியன் வருகிறது. சூரியன் இல்லாமல் ஏது விடியல்? டார்வினுக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே பேராயர் அகஸ்டின் இந்த இடத்தில் நின்று யோசித்தார். இவை நம் நாள்களைப் போன்றவை அல்ல என்று எழுதினார். வானத்தையும் பூமியையும் பற்றித் தெரியாததை வேதத்தின் பெயரால் உளறும் கிறிஸ்தவனால் வேதத்துக்கே அவமானம் என்றும் கண்டித்தார். இப்படிக் கேட்டவரைத் திருச்சபை தள்ளிவைக்கவில்லை, பரிசுத்தவான் என்கிறது.

மகனையும் நான் விடமாட்டேன். வயதான பாட்டி கூப்பிட்டால் வந்து உட்கார வேண்டும். அந்தக் கால் மணி நேரம் அவன் குடும்பத்துக்குச் செலுத்த வேண்டிய கடன். எந்த விலங்கியலும் அதைத் தள்ளுபடி செய்யாது.

ஆனால் முதல் அடி நீங்கள் வையுங்கள். "மார்க்குக்காக என்று சொன்னது தப்பு" என்று பாட்டி காதில் விழும்படியே சொல்லுங்கள். பரிணாமத்தில் உங்களுக்கு மெய்யாகவே சந்தேகம் இருந்தால் காரணத்தோடு அவனிடம் வாதாடுங்கள். பிறகு வேதத்தை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாலாம் நாளில் நிறுத்தி ஏதாவது கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் அதட்டாதீர்கள்.