கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வாசகர் கேள்விகளுக்கு மும்பை வக்கீலின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் கையெழுத்துப் போட்டு முடித்தபிறகு எழுதப்பட்டவை. பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்துக்கு என்னைத் தேடி வருகிற நம் ஊர்க்காரர்களிடமும் இதையேதான் பார்க்கிறேன். அதனால் நான்கு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு 29 வயது. திருமணமாகி மூன்றாம் வருடமே ஒத்துவரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் சங்கத்துப் பெரியவர்கள் முன்னிலையில் பாண்டு பேப்பரில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். நோட்டரி முத்திரையும் இருக்கிறது. அவர் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கே போய்விட்டார். இப்போது எனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. திருமணம் செய்துகொள்ளலாமா?
– பெயர் வேண்டாம், தாராவி

வேண்டாம் அம்மா, இப்போது வேண்டாம். சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்றைக்கும் அவருடைய மனைவிதான்.

பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் குலையாமல் வைத்திருக்கும் பாண்டு பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டும் பெண்கள் பலர். கீழே ஏழெட்டுப் பேர் கையெழுத்து, பக்கத்தில் நோட்டரியின் சிவப்பு முத்திரை. நோட்டரி உறுதி செய்வது, கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதை மட்டும். திருமணத்தை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கும் இல்லை, சங்கத்துக்கும் இல்லை. இந்த நிலையில் நீங்கள் மறுமணம் செய்தால் 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி அது செல்லாது. அது குற்றமும்கூட. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவில் ஏழு வருடம் வரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. பழைய கணவர் புகார் கொடுக்கமாட்டார் என்று உங்கள் வீட்டில் சொல்லலாம். சரி, கொடுக்காமலே இருக்கட்டும். நாளைக்குப் புதுக் கணவரின் பென்ஷன், இன்சூரன்ஸ் என்று வரும்போது நீங்கள் எந்த உரிமையில் போய் நிற்பீர்கள்?

“எங்கள் சமூகத்தில் தீர்த்துவிடும் வழக்கம் உண்டே” என்று கேட்பவர்கள் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு அப்படிப்பட்ட வழக்கங்களை விட்டுவைத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, விடாமல் உங்கள் சமூகத்தில் இருந்துவருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். 2002-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அது சுலபமான வேலை இல்லை.

உங்களுக்கு நேர்வழி இருக்கிறது. இருவரும் சேர்ந்து அதே சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போடுங்கள். அதற்கு ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும், நீங்கள் இரண்டு வருடம் பிரிந்திருக்கிறீர்கள். மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். 2017-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, மனு போடும்போதே ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, பணம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடித்து, சேர்ந்து வாழ வழியே இல்லை என்றும் ஆகியிருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். நீங்கள் இப்போது தாராவியில் இருப்பதால் பாந்த்ராவிலேயே மனு போடமுடியும். அவரால் ஊரிலிருந்து வரமுடியாவிட்டால் காணொளியில் ஆஜராக அனுமதி கேட்கலாம். அந்தப் பாண்டு பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்பதற்கு அது நல்ல சான்று. வாங்கிய ஒரு லட்சத்தையும் மனுவில் மறைக்காமல் எழுதுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்படவேண்டாம். 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. வரன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் பவாயில் ஐ.டி. வேலை பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளப் போகிறார்களாம். அவரவர் சம்பாத்தியம் அவரவருக்கு, பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்கக்கூடாது என்று. கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இது செல்லுமா?
– ஒரு தந்தை, செம்பூர்

ஐயா, பிள்ளைகள் மேல் கோபப்படாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறார்களே, நான் அதை நல்லதாகவே பார்க்கிறேன்.

ஆனால் அவர்கள் நினைக்கிற அளவுக்கு அந்தக் காகிதத்துக்குப் பலம் கிடையாது. “பிரிந்தால் இது, இது” என்று முன்கூட்டியே எழுதுவதைப் பொதுநலனுக்கு விரோதமானது என்று 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவைக் காட்டி நீதிமன்றம் தள்ளிவிடலாம். ஜீவனாம்சத்தை முடிவு செய்வது நீதிபதி. முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பதால் அந்த அதிகாரம் போய்விடாது. கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதால் அங்கத்தியவர்களுக்கு இப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லும். கோவா கடற்கரையில் தாலி கட்டினால் அந்தச் சட்டம் நமக்கும் வந்துவிடாது! கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் வருட விவாகரத்துச் சட்டம், திருமணத்தை ஒட்டிச் செய்த சொத்து ஏற்பாடுகளை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது.

இன்னொன்று. விவாகரத்து என்றால் சொத்தில் சரிபாதி என்று வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டுப் பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படித் தானாகவே பாதியாகப் பிரியாது. யார் பெயரில் இருக்கிறது, யார் பணம் போட்டார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதனால் உங்கள் மகளுக்கு உண்மையிலேயே உதவப்போவது வேறொரு காகிதம். கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளுக்குப் பட்டியல் வைக்கவேண்டும் என்று 1985-லேயே விதி போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் யாரும் செய்வதில்லை. எத்தனை பவுன், யார் போட்டது, பில் எங்கே, எந்த லாக்கரில் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். பெண்ணின் நகை பெண்ணுடைய சொத்து என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தும், “அவ்வளவு போடவே இல்லை” என்று எதிர்த்தரப்பு மறுக்கும்போது வெறுங்கையோடு நிற்கிற பெற்றோரைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறுவதில்லை.

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், வேறு வேறு அறை. மும்பை வாடகையில் இரண்டு வீடு கட்டுப்படியாகாது. இது “பிரிந்து வாழ்வது” ஆகுமா?
– வாசகர், சயான்

ஆகும். கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் முக்கியம், கூரை ஒன்றா இரண்டா என்பது அல்ல. உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொன்னது இது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பரஸ்பர சம்மத மனு போட்டபிறகும், தீர்ப்பு வரும்வரை இருவரில் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முதல் கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

முலுண்டில் இருவர் பெயரிலும் ஃபிளாட், வீட்டுக் கடனும் இருவர் பெயரில். சண்டையில்லாமல் பிரியலாம் என்று முடிவெடுத்துவிட்டோம். அவர் வக்கீல் கன்சென்ட் டெர்ம்ஸ் (இருவரும் சம்மதிக்கும் நிபந்தனைகளை எழுதிய பத்திரம்) அனுப்பியிருக்கிறார். ஃபிளாட் எனக்கு, மீதிக் கடனை அவர் கட்டுவார், ஏழு வயது மகனுக்காக நான் இனி எதுவும் கேட்கக்கூடாது. கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, முலுண்டு

இப்படியே போடாதீர்கள்.

முதலில் மகன். அவனுக்குச் சேரவேண்டியதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. தாய் எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் ஜீவனாம்ச உரிமை அழியாது. பிற்பாடு கேட்கலாம், சரி. ஆனால் கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரியைக் காட்டி உங்களை அலையவைப்பார்கள். அதை அடித்துவிட்டு, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், வருடாவருடம் எவ்வளவு கூடும், பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு, விடுமுறையில் அப்பாவிடம் எத்தனை நாள் என்று எழுதச் சொல்லுங்கள். அப்பாவும் வேண்டும் அந்தப் பையனுக்கு.

அடுத்தது கடன். கன்சென்ட் டெர்ம்ஸில் உங்கள் இருவரின் கையெழுத்துதான் இருக்கும், வங்கியின் கையெழுத்து இருக்காது. “அவர் கட்டுவார்” என்ற வரி வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணையை நிறுத்தினால் வங்கி உங்களிடம்தான் வரும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சரியும். தீர்ப்புக்கு முன் கடனை அடைக்கமுடியுமா பாருங்கள். முடியாது என்றால் வங்கிக்குப் போய், கடனை யாராவது ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் டெர்ம்ஸில் வரவேண்டும்.

பிறகு ஃபிளாட். தீர்ப்பு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தாலே உங்கள் கட்டடத்தின் வீட்டுவசதி சொசைட்டி பெயரை மாற்றிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அவருடைய பங்கை உங்கள் பெயருக்கு எழுதி, சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். அப்புறம் சொசைட்டி தரும் ஷேர் சர்டிபிகேட்டில் பெயர் மாற வேண்டும். இதைத் தீர்ப்புக்கு முன்பே, நீங்கள் சட்டப்படி மனைவியாக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. மகாராஷ்டிராவில் கணவன் மனைவிக்குள் வீட்டை தானமாக எழுதிக் கொடுப்பதற்கு முத்திரைத் தீர்வையில் பெரிய சலுகை உண்டு. விவாகரத்து ஆனபின் அந்த உறவைக் காட்டிச் சலுகை கேட்கமுடியாது. கடன் பாக்கி இருப்பதால் பதிவுக்கு முன் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

கடைசியாக, உங்களுக்கென்று தனி வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம் என்று சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் வீடும் கடனும் குழந்தையும் இருப்பதால் அது சரிவராது. நீதிமன்றத்தில் கல்யாண ஆலோசகர் உங்களைத் தனியாகவும் கூப்பிட்டுப் பேசுவார். யாராவது வற்புறுத்தினார்களா, எழுதியிருப்பது புரிந்ததா என்று நீதிபதியும் கேட்பார். டெர்ம்ஸ் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் வக்கீலைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு அங்கே போங்கள்.